அண்ணன் வெட்டிய பேச்சு

ஜனவரி 19, திங்கள்

பாலக்காட்டில் காலையிலிருந்து கிழக்குக் காற்று. ஜன்னலைச் சாத்தியும் மேசையெல்லாம் மண். உதடு வெடித்துவிட்டது. வாங்க வேண்டியது: வெண்ணெய், துணி கிளிப், பேனா மை.

கல்லூரியில் வகுப்பு இரண்டு. பொங்கல் லீவு முடிந்து வந்த பிள்ளைகள் பாதித் தூக்கம். நானும்தான்.

நேற்றையதை எழுதாமல் படுத்துவிட்டேன். எழுதினால்தான் எனக்குத் தெளியும்.

ஊருக்குப் போயிருந்தேன். கொழிஞ்சாம்பாறைக்குக் கிழக்கே அண்ணனின் தென்னந்தோப்பு, வீடு. அண்ணனுக்குச் சர்க்கரை வந்து வருடங்கள் ஆகின்றன. மாத்திரையில் ஓடுகிறது என்று நினைத்திருந்தேன். தயிர் எடுக்க ஃப்ரிட்ஜைத் திறந்தால் முட்டை வைக்கும் குழிகளில் சின்னக் கண்ணாடிக் குப்பிகள். ரப்பர் மூடி, உள்ளே வெள்ளைத் தூள். லேபிளைப் பார்த்தேன். மாட்ஸ்-சி.

தயிர் மறந்துபோயிற்று. வெளிநாட்டு ஆய்வுக்கூடத்தில் இருந்த வருடங்களில் தினமும் என் கையால் எழுதிய பெயர் அது. எலிக்கூண்டு அட்டைகளில், குழாய்களில். எங்கள் வீட்டு முட்டைத் தட்டில் அதைப் பார்ப்பேன் என்று நினைத்ததில்லை.

அண்ணன் பின்னாலேயே வந்து நின்றார். முகமெல்லாம் சிரிப்பு.

"பாத்துட்டியா? அப்பறமா நானே சொல்லலாம்னு இருந்தன். உன்ர மருந்துதான் அம்மிணி! ஒரு மாசமா ஊசி போட்டுக்கறன். ஒடம்பு நெம்ப லேசா இருக்குது."

அண்ணி அடுப்படியிலிருந்து: "மாத்தரையெல்லாம் நிறுத்திப்போட்டாருங்க. ஆரு சொன்னாக் கேக்கறாரு."

அண்ணன் போனை நீட்டி அவருடைய ஸ்டேட்டஸைக் காட்டினார். அதில் நான் பேசிக்கொண்டிருந்தேன்.

ஜனவரி 20, செவ்வாய்

காற்று கொஞ்சம் அடங்கியிருக்கிறது. பால்காரர் வரவில்லை. கறுப்புக் காப்பி.

அந்தப் பேச்சு போன மாதம் ஊர் வாசகசாலையில் பேசியது. தமிழில் அறிவியல் பேச ஆள் வேண்டும் என்று கேட்டார்கள். நாற்பது நிமிடம். அண்ணன் முன்வரிசையில் போனைத் தூக்கிப் பிடித்தபடி முழுவதும் படமெடுத்தார். கை வலித்திருக்கும்.

சொன்னது, ஞாபகத்துக்காக:

மைட்டோகாண்ட்ரியா என்பது செல்லுக்குள் இருக்கும் அடுப்பு. அதற்கென்று தனியாக ஒரு குட்டி டி.என்.ஏ. வளையம். அதில் இருப்பதையெல்லாம் படித்தாயிற்று என்றுதான் விஞ்ஞானிகள் நம்பிக்கொண்டிருந்தார்கள். ஜப்பானில் ஒரு கூட்டத்தார் மறதி நோயில் இறந்த ஒருவரின் மூளையை எடுத்துப் பார்த்தார்கள். கெட்டுப்போன பகுதியை அல்ல, நோய் தொடாமல் விட்ட பகுதியை. இந்தச் செல்களை எது காப்பாற்றியது என்பது கேள்வி. கிடைத்தது ஒரு பொடிப் புரதம். அதன் மரபு எழுத்து, படித்து முடித்ததாக நினைத்த அந்த வளையத்தின் எழுத்தோடு ஒத்துப்போயிற்று. வேறு எதையெதையோ தேடிக்கொண்டிருந்த மற்றவர்களும் அதிலேயே வந்து முட்டினார்கள். நிறையப் பேர் நம்பவில்லை. நம்பாதவர்களுக்குப் பதில் சொல்லிச் சொல்லியே அந்தத் துறை வளர்ந்தது.

பிறகு வேறு சிலர் அதே வளையத்தின் இன்னொரு மூலையில் தேடினார்கள். கிடைத்தது மாட்ஸ்-சி. பதினாறே அமினோ அமிலம் கோத்த ஒரு பெப்டைடு, இன்சுலின் ஜாதிதான். தசையில் வேலை. கொழுப்புத் தீனி தின்ற எலிக்கு இதைக் கொடுத்தால் உடம்பு ஏறவில்லை, சர்க்கரை கட்டுக்குள் நின்றது.

அதைக் கண்டுபிடித்தவர்களில் நான் இல்லை. நான் போய்ச் சேர்ந்தது அதற்குப் பிறகு. எலிகளை ஓடவிட்டேன், ரத்தம் எடுத்தேன், அளந்தேன். மேடையில் இதையும் சொன்னேன். கடைசியாகச் சொன்னது: எலிக்கு நடந்தது மனிதனுக்கு அப்படியே நடக்குமா, தெரியாது. எவ்வளவு, எத்தனை நாள், யாருக்கு ஆகாது, தெரியாது. மருந்து என்று யாராவது விற்றால் வாங்காதீர்கள்.

அண்ணனின் ஸ்டேட்டஸில் எலி வரைக்கும்தான் இருக்கிறது.

மாலை போன் செய்தேன். "மிச்சம் எங்கீங்கண்ணா?"

"ஸ்டேட்டஸ்ல அவ்வளவுதான் அம்மிணி நிக்கும். எது நல்ல எடமோ அதையப் போட்டன். அல்லாரும் கேக்கறாங்க, உங்க தங்கச்சியா இதுன்னு."

யாரும் பார்க்கப் போவதில்லை என்பதால் ஒன்று எழுதிவிடுகிறேன். உடம்பு லேசாக இருக்கிறது என்று அண்ணன் சொன்னபோது, கோபம் வருவதற்கு முன்னால், எனக்குச் சந்தோஷம் வந்தது. நிஜமாகவே வேலை செய்கிறதோ என்று.

ஜனவரி 22, வியாழன்

மதியத்துக்கு மேல் லீவு. பஸ்ஸில் ஊர். சர்க்கரை பார்க்கும் கருவி கையோடு.

அண்ணன் விரலை நீட்ட மாட்டேன் என்றார். அண்ணி கையைப் பிடித்துக்கொண்டார். முந்நூறைத் தாண்டி நின்றது.

"மிசின் பழசு."

"நேத்து வாங்குனதுங்கண்ணா."

தென்னைப் பக்கம் திரும்பிக்கொண்டார். பிறகு: "இன்சுலினும் இதே ஜாதின்னு நீதான சொன்ன? அதும் பெப்டைடு, இதும் பெப்டைடு. அதையப் போட்டா மருந்து, இதையப் போட்டா தப்பா?"

நல்ல கேள்வி. என் பிள்ளைகள்கூட இப்படிக் கேட்பதில்லை. இன்சுலினைக் கோடிக் கணக்கானவர்கள் போட்டுக்கொண்டு பிழைத்திருக்கிறார்கள், எங்கே கடிக்கும் என்பதும் தெரியும், இதற்கு அந்தக் கணக்கே இன்னும் இல்லை என்றேன். கேட்டுக்கொண்டார். பேரம் பேசினார்.

"சரி. மாத்தரையும் போட்டுக்கறன், இதையும் போட்டுக்கறன். உனக்கும் வேண்டாம் எனக்கும் வேண்டாம்."

குப்பி எங்கிருந்து வருகிறது என்று கேட்டேன். கோயமுத்தூரில் ஒரு ஜிம்காரன் தருகிறானாம். அண்ணன் வாங்கி ஊரில் கேட்டவர்களுக்கும் கொடுத்திருக்கிறார். லாபம் வைக்கவில்லை, அதில் பெருமை வேறு. கடைசியில் போகிற போக்கில் சொன்னார்: "நம்ம பாண்டிக்குக்கூட பஸ்ஸுல அனுப்புனன். ஐஸ் போட்டு."

பாண்டி அண்ணனோடு ஹாஸ்டலில் படித்தவர். இடுக்கியில், சக்குபள்ளத்தில், ஏலத்தோட்டம். பல வருடமாக இன்சுலினில் இருப்பவர்.

"அவரு இன்சுலினை நிறுத்திட்டாருங்களா?"

"நா நிறுத்தச் சொல்லலை அம்மிணி. நா நிறுத்திட்டன்னுதான் சொன்னன்."

உடனே கூப்பிடச் சொன்னேன். மணி அடித்து நின்றது. மறுபடியும். எடுக்கவில்லை. போனை வீட்டில் வைத்துவிட்டுத் தோட்டத்துக்குப் போயிருப்பான் என்றார் அண்ணன். இருக்கலாம். ராத்திரி ஊரிலேயே தங்கிவிட்டேன்.

ஜனவரி 23, வெள்ளி

பல் விளக்கும்போது அண்ணனின் போன். பாண்டியின் மனைவி செல்வி. தேனியில் ஆசுபத்திரி. இரண்டு நாளாக வாந்தி, நேற்று மூச்சு வாங்கி நினைவு தப்பிவிட்டது. தீவிர சிகிச்சை. அண்ணன் "சரிங்க, சரிங்க" என்று மட்டும் சொன்னார். போனை வைத்த பிறகும் காதிலிருந்து எடுக்கவில்லை.

கல்லூரிக்கு லீவு சொன்னேன். கார். பொள்ளாச்சி, உடுமலை, பழனி. காற்றாலைகள் முழு வேகத்தில். பழனியில் இட்லி. அண்ணன் சாப்பிடவில்லை. மாத்திரை போட்டுச் சாப்பிட்டே ஆக வேண்டும் என்றேன். சொன்னபடி செய்தார், அதுவே எனக்குப் பயமாக இருந்தது.

வத்தலக்குண்டு தாண்டி அவராகவே பேசினார். ரோட்டைப் பார்த்தபடி.

"நீ அங்க இருந்த வருசமெல்லாம் ஊருல கேப்பாங்க, தங்கச்சி என்ன பண்ணுதுன்னு. எனக்கு என்ன தெரியும்? எலிய ஓட வெக்குதுன்னு சொன்னாச் சிரிப்பாங்கல்ல. சக்கரைக்கு மருந்து கண்டுபுடிக்குதுன்னு சொல்லிப் பழகிப்போச்சு. சொல்லிச் சொல்லி எனக்கே அப்பிடித்தான் ஆகிப்போச்சு."

எலியை ஓட வைக்கிறேன் என்று நானேதான் ஒருமுறை போனில் சொல்லியிருந்தேன், விளையாட்டாக. அதை இத்தனை வருடம் மனதில் வைத்திருந்திருக்கிறார்.

ஜனவரி 24, சனி

தேனி. வெயில். லாட்ஜில் தண்ணீர் மஞ்சளாக வருகிறது.

நேற்று ஆசுபத்திரி வராந்தாவில் நடந்தது.

செல்வி பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். என் வயதுதான் இருக்கும். தோட்டத்துக்குப் போடும் ஸ்வெட்டரையே இந்த வெயிலிலும் கழற்றவில்லை. கத்துவார் என்று எதிர்பார்த்தேன். கத்தவில்லை. தன் போனை எடுத்து என்னிடம் கொடுத்தார்.

"இது நீங்கதான?"

"நான்தாங்க."

"அப்பச் சொல்லுங்க. இத நாள் பூராவும் போட்டுப் போட்டுப் பாத்தாரு. எலிக்கே சரியாப்போச்சு, எனக்கு ஆகாதான்னாரு. படிச்சவுக சொல்றாக, நான் எதுத்து என்னத்தச் சொல்ல? இன்சுலினத் தூக்கிக் கெடாசிப்புட்டாரு."

"எலிக்கு ஆச்சுங்க. மனுசனுக்கு இன்னும் தெரியாதுன்னு அதுக்கு அப்புறம் சொன்னேன். அது இதில இல்லை."

"ஏன் இல்ல?"

எனக்குப் பதில் தெரியும். பக்கத்தில் நிற்பவர் என் அண்ணன். அவரை அந்த வராந்தாவில் வைத்துக் காட்டிக்கொடுக்க முடியாது. சொல்லாமல் இருந்தால் அந்தப் பொய் என்னுடையதாகிவிடும். ஒரு ஸ்ட்ரெச்சர் போனது. மூவரும் சுவரோடு ஒதுங்கினோம்.

"நாந்தானுங்க வெட்டுனன்" என்றார் அண்ணன். "அம்மிணி முழுசாத்தான் சொல்லுச்சு. வாங்காதீங்கன்னுகூடச் சொல்லுச்சு. அது நல்லா இல்லைன்னு நா வெட்டிப்போட்டன். பாண்டிக்கு அனுப்புனதும் நாந்தான்."

செல்வி அண்ணனைப் பார்த்தார். பிறகு என்னை.

"சாப்ட்டீகளா ரெண்டு பேரும்? கீழ கேண்டீன் இருக்கு."

அண்ணன் கீழே போய்க் குழாயடியில் முகம் கழுவினார். கழுவிக்கொண்டே இருந்தார்.

டாக்டர் (சின்னப் பையன், கண்ணில் தூக்கம்): இன்சுலின் நிறுத்தியதால் ரத்தத்தில் அமிலம் ஏறியிருக்கிறது, இப்போது இறங்குகிறது, பிழைத்துக்கொள்வார். என்ன ஊசி போட்டார் என்று கேட்டார். சொன்னேன். கேள்விப்பட்டதில்லை என்றார். கேள்விப்படாதது நல்லதுதான்.

இன்று காலை பாண்டி கண்ணைத் திறந்து தண்ணீர் கேட்டாராம். அண்ணன் வந்து சொன்னார். சட்டென்று, கார் டயரில் காற்று பார்க்க வேண்டும் என்று போய்விட்டார்.

ஜனவரி 26, திங்கள்

சக்குபள்ளம். குளிர். பனி மதியம் வரை விலகவில்லை.

காலையில் டிஸ்சார்ஜ். கம்பம் மெட்டு ஏறி வந்தோம். கொண்டை ஊசி வளைவு ஒவ்வொன்றிலும், உள்ளே குழந்தை தூங்குவது போல் அண்ணன் காரைத் திருப்பினார். பாண்டி பின் ஸீட்டில் போர்வைக்குள். மெலிந்த மனிதர், வாய் மட்டும் மெலியவில்லை.

"யம்மா டாக்டரு. அடுத்த தடவ இது எலிக்குன்னு மொதல்லயே சொல்லிப்புடுங்க. நான் பாட்டுக்கு வாலு மொளைக்குதான்னு பாத்துக்கிட்டுக் கெடந்தேன்."

செல்வி சிரித்துவிட்டார். நானும். அண்ணன் மட்டும் சிரிக்கவில்லை. பாண்டி முன்னால் எட்டி அவர் தோளைத் தட்டினார். "டே கதிரு. சாகல்லடா. ரோட்டப் பாத்து ஓட்டு."

ராத்திரி இங்கேயே. வீட்டை ஒட்டி ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோர், சூடும் வாசனையும் சுவர் வழியே வருகின்றன. கம்பத்திலிருந்து ஜீப்பில் வேலைக்கு வரும் பெண்கள் சாயங்காலம் பாண்டியைப் பார்க்க வந்தார்கள். நான் சர்க்கரை படித்தவள் என்று செல்வி சொல்லிவிட்டார். ஆளுக்கொரு கேள்வி. பாகற்காய், வெந்தயம், கால் எரிச்சல். அந்தக் குப்பியைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை. நிம்மதி. கொஞ்சம் ஏமாற்றமும், அதையும் எழுதத்தான் வேண்டும்.

படுக்கும் முன் செல்வி பாண்டிக்கு இன்சுலின் போடுவதைப் பார்த்தேன். வயிற்றை இரண்டு விரலால் பிடித்து, ஒரு நொடி. பாண்டி பேச்சை நிறுத்தவே இல்லை. அந்த ஊசியில் இருப்பதைக் கண்டுபிடித்தவர்களை, திருத்தியவர்களை, அளவு பார்த்தவர்களை இந்த வீட்டில் யாருக்கும் தெரியாது. தெரிய வேண்டியதும் இல்லை. அப்படி மறக்கப்படுவதுதான் ஒரு மருந்துக்கு மரியாதை என்று தோன்றியது.

ஜனவரி 28, புதன்

பாலக்காடு. துணி மலை. பால்காரர் வந்துவிட்டார், மகளுக்குப் பரீட்சையாம்.

அண்ணன் போன். நேற்று காலையிலிருந்து வீடு வீடாகப் போய்க் குப்பிகளைத் திரும்ப வாங்குகிறாராம். பணத்தையும் கொடுத்துவிடுகிறாராம். நான் சொல்லவில்லை.

"பால் சொசைட்டி செக்ரட்டரி தர மாட்டேங்கறான். மருந்துக் கம்பெனிக்காரன் உங்க தங்கச்சிக்குக் காசு குடுத்து மாத்திப் பேச வெச்சிருக்கான்ங்கறான்."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"காசு குடுத்திருந்தா அம்மிணி பஸ்ஸுல ஏண்டா வருதுன்னு கேட்டன்."

ஸ்டேட்டஸை அண்ணன் எடுத்துவிட்டார், ஆனால் அந்தத் துண்டு ஏற்கெனவே எங்கெங்கோ போய்விட்டது. ஜிம்காரனின் பக்கத்திலும் இருக்கிறது, கீழே விலையோடு. எடுக்கச் சொல்லி எழுதினேன். பார்த்ததற்கான நீல டிக். பதில் இல்லை. முழுப் பேச்சையும் வாசகசாலைக்காரர்கள் போட்டிருக்கிறார்கள். நாற்பது நிமிடத்தை யார் பார்ப்பார்கள்.

பிப்ரவரி 5, வியாழன்

காற்று போய்ச் சூடு தொடங்கிவிட்டது. மின்விசிறி பேரிங் போய்க் கத்துகிறது.

அண்ணன் கொண்டுவந்த குப்பிகளில் இரண்டைப் பெங்களூரில் இருக்கும் தோழிக்கு அனுப்பியிருந்தேன். மூலக்கூறின் நிறை பார்க்கும் கருவி அவளிடம் இருக்கிறது. இன்று சொன்னாள். ஒன்றில் மாட்ஸ்-சி உண்மையாகவே இருக்கிறது, கூடவே இன்னதென்று தெரியாத துண்டுகளும். இன்னொன்றில் அது இல்லவே இல்லை. வெறும் நிரப்புப் பொடி.

அண்ணனிடம் போனில் சொன்னேன்.

"எதைப் போட்டப்ப ஒடம்பு லேசா இருந்துதுங்கண்ணா?"

"ரெண்டுக்கும்தான்."

இருவரும் சிரித்துவிட்டோம். அண்ணி பக்கத்திலிருந்து வாங்கிப் பேசினார். சர்க்கரை இருநூறுக்குக் கீழே வந்துவிட்டதாம். மாத்திரை, ராத்திரி களி கிடையாது, சாயங்காலம் கால்வாய்க் கரையில் நடை. நடக்கும்போது அண்ணிக்கும் துணை ஆகிவிட்டது, அதில் அண்ணிக்குச் சந்தோஷம்.

செக்ரட்டரி இன்னும் போட்டுக்கொண்டுதான் இருக்கிறாராம். அவருக்கு நல்லபடியாக இருக்கட்டும்.

பிப்ரவரி 11, புதன்

மேகம். மழை பெய்யாது.

பதினோரு மணிக்குத் துறை வாசலில் அண்ணன். வெள்ளை வேட்டி, இஸ்திரி போட்ட சட்டை, பை நிறைய இளநீர். நான் இங்கே வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து உள்ளே வந்ததில்லை. தேங்காய் மண்டிக்கு வந்தேன் என்றார். மண்டி இந்தப் பக்கமே இல்லை.

"அந்த அடுப்புன்னு சொன்னியல்லொ. அதையப் பாக்க முடியுமா?"

ஆய்வு மாணவி சாயம் ஏற்றி வைத்திருந்த தசைச் செல்கள் இருந்தன. விளக்கை அணைத்து, மைக்ராஸ்கோப்பில் சரி செய்து, அண்ணனை உட்கார வைத்தேன். கண்ணாடியைக் கழற்றச் சொன்னேன். ஒரு கண்ணை மூடிக்கொண்டு குனிந்தார். கறுப்பில் பச்சை பச்சையாக, நூல் நூலாக.

மேசையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"இது ஆரோடது?"

"எலியோடதுங்கண்ணா."

"நம்முளுக்கும் இப்பிடித்தானா?"

"இப்பிடித்தானுங்க. ஒவ்வொரு செல்லுலயும்."

"அந்தப் பொடி சாமானம் இதுக்குள்ளதான் இருக்குதா?"

"இதுக்குள்ளதான் செஞ்சுக்குது. இதுல பாத்தாக் கண்ணுக்குத் தெரியாது."

"செஞ்சு என்ன பண்ணுது?"

"கொஞ்சம் தெரியும். மிச்சம் தெரியாதுங்கண்ணா. தேடிக்கிட்டிருக்கோம்."

"இந்தத் தெரியாததுக்குத்தான் அத்தன வருசம் ஊட்டுக்கு வராம இருந்தியா?"

கோபமாகக் கேட்கவில்லை. குனிந்தபடியே கேட்டார்.

"ஆமாங்கண்ணா."

தலையை ஆட்டினார். ஆட்டியதில் பார்வை தப்பிவிட்டது.

"மங்கலாப் போச்சு பாரு. இன்னொருக்கா சரி பண்ணிக் குடு."

சரி பண்ணிக் கொடுத்தேன். மதியச் சாப்பாட்டு மணி அடித்தும் எழுந்திருக்கவில்லை.